பாட்டியின் நடை வேகத்தில்

செபராங் ஜெயாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்குப் பினாங்குத் தீவின் கோயில்கள் இன்று தூரமே இல்லை. வாசலில் கார் நிற்கிறது. பினாங்குப் பாலம் பெருநிலத்தில் வந்து சேரும் இடமும் பக்கம்தான். 1985-இல் திறக்கப்பட்ட அந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் நெரிசல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையாகப் பார்த்துக் கிளம்பினால், குவீன் தெரு மாரியம்மனைத் தரிசித்துவிட்டுப் பசியாறும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம்.

இவ்வளவு வசதி இருக்கும்போது, பாட்டியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, ஃபெர்ரி மாறி, வெயிலில் நடந்து, மறுபடியும் பஸ்ஸுக்குக் காத்திருந்து கோயிலுக்குப் போவானேன்? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு. கோயிலுக்குப் போவது சாமி கும்பிட்டுத் திரும்புவதோடு முடிந்துவிடுகிறதா? குடும்பமாகப் போய்வருவதும் அதில் சேர்த்தியா? சேர்த்தி என்றால், எப்படிப் போகிறோம் என்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே தூரம் விழுந்ததே பின்னாளில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருநிலப் பக்கமான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. எந்தப் பயிராக இருந்தாலும் தோட்டத்து ஓரத்தில் ஒரு மாரியம்மனோ முனீஸ்வரனோ இருந்தார். லயத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். 1970-களில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் செபராங் ஜெயாவைப் புதுநகரமாக எழுப்பத் தொடங்கியது. தோட்டம் விட்டவர்களின் பிள்ளைகள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். அவர்களில் பலருக்குக் கோயில், வண்டி எடுத்துக்கொண்டு போகும் இடமாயிற்று.

செபராங் ஜெயாவிலேயே உயர்ந்த ராஜகோபுரத்தோடு அருள்மிகு கருமாரியம்மன் ஆலயம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கும் விசேஷ நாளுக்கும் அங்கே போய்விடுகிறார்கள். நேர்த்திக்கடன், தைப்பூசம், பிள்ளைக்கு மொட்டை, மாசி மகம் என்றால்தான் பயணம் கடலைத் தாண்டுகிறது. அந்தப் பெரிய பயணத்தைப் பொதுப் போக்குவரத்தில் போனால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

ஒரு குடும்பம் காலையில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. ராப்பிட் பினாங்கு பஸ்ஸில் ரொக்கமாகக் கட்டணம் கொடுத்தால் மீதி கிடைக்காது, சரியான சில்லறை வேண்டும். அதனால் முந்தின இரவே பாட்டி சுருக்குப் பையைத் திறந்து காசு எண்ணத் தொடங்கிவிடுகிறார். காரில் போகும் நாளில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. பின்னிருக்கையில் ஏற்றி உட்காரவைத்து, இடம் வந்ததும் இறக்கிவிடுவார்கள். இன்றைக்கு அவர்தான் குடும்பத்தின் பொக்கிஷதாரர். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து இருபது காசுகளைத் தனியாகவும் ஐம்பது காசுகளைத் தனியாகவும் அடுக்கிக் கொடுக்கிறான்.

பட்டர்வொர்த்தில் 2018-இல் திறக்கப்பட்ட பினாங்கு சென்ட்ரலில் பஸ், ரயில், ஃபெர்ரி மூன்றும் ஒன்று கூடுகின்றன. அங்கிருந்து நடைபாலம் வழியாகவே ஃபெர்ரித் துறைக்குப் போய்விடலாம். நூறு ஆண்டுகளாக நடந்துவரும் சேவை இது. காரையும் ஆளையும் சேர்த்து ஏற்றிப்போன பழைய இரண்டடுக்கு ஃபெர்ரிகள் 2020-ஆம் ஆண்டோடு ஓய்வுபெற்றன. 2023 ஆகஸ்டிலிருந்து நான்கு புதிய ஃபெர்ரிகள் ஓடுகின்றன. ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. ஏறி உட்கார்ந்தால் இருபது நிமிடத்துக்குள் அக்கரை. பாலம் வருவதற்கு முன் பெருநிலத்திலிருந்து தைப்பூசத்துக்குப் போன ஒவ்வொரு குடும்பமும் இந்த நீரைத்தான் கடந்தது. அந்தக் கதையைச் சொல்லப் பாட்டிக்கு இருபது நிமிடம் கிடைக்கிறது. கேட்கிறவர்களுக்கும் இறங்கிப்போக வழியில்லை.

அக்கரையில் வெல்ட் கீ துறையிலிருந்து குவீன் தெருவுக்குப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் நடந்துவிடுவார்கள். பாட்டிக்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். வழியில் லிட்டில் இந்தியா. பூக்கடையில் நின்று இரண்டு முழம் மல்லிகை, அர்ச்சனைக்குத் தேங்காய் பழம், பிள்ளைக்கு ஒரு வடை. 1833-இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த ஜார்ஜ்டவுன் வட்டத்துக்குள்ளேதான் அதுவும் நிற்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர்கள் நடந்து வந்து கும்பிட்ட கோயில் அது. காரில் வருகிறவருக்கு இந்தத் தெருக்களில் முதல் கவலை வண்டியை எங்கே நிறுத்துவது என்பது. நடந்து வருகிறவர் நேராகக் கோபுரத்தைப் பார்த்தே வருகிறார்.

நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். மாலையில் திறக்கும்வரை பொழுதைக் கழிக்க வேண்டும். வாழை இலைச் சாப்பாடு, கொஞ்சம் நிழல், கொஞ்சம் பேச்சு. ஒன்றும் செய்யாமல் ஐந்து பேர் சேர்ந்திருக்கும் இந்த இரண்டு மூன்று மணி நேரம், வேலையும் டியூஷனும் பிரித்துப்போட்ட குடும்பங்களுக்கு வேறு எந்த நாளில் வாய்க்கிறது?

வெயில் தாழ்ந்ததும் தண்ணீர்மலைக்குப் பஸ். 1850-களில் கட்டப்பட்ட நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஆலயமும், மலைமேல் அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயமும் அதே சாலையில்தான் இருக்கின்றன. மலைக்கோயிலின் இன்றைய கட்டடம் 2012-இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு 513 படிகள்.

அங்கேதான் குடும்பம் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். "நீங்க மேல போயிட்டு வாங்கய்யா. நான் கீழ பிள்ளையார்கிட்ட உக்காந்திருக்கேன்" என்கிறார் பாட்டி. "முடிஞ்ச வரைக்கும் ஏறலாம் பாட்டி, முடியலன்னா நானும் உங்களோட உக்காந்துக்கறேன்" என்கிறாள் பேத்தி. இருபது படிக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து ஏறுகிறார்கள். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்களா, பாதியிலேயே வேலை நோக்கிக் கைகூப்பிவிட்டு இறங்கினார்களா என்பது அவரவர் முழங்காலைப் பொறுத்தது. குடும்பத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் வேகத்துக்கு மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். யாத்திரையின் பயன் அங்கேயே கிடைத்துவிட்டது.

கார்ப் பயணத்தில் இது நடக்க வாய்ப்பு குறைவு. அதில் வேகத்தை வண்டி பார்த்துக்கொள்கிறது. பின்னிருக்கையில் ஆளுக்கொரு கைபேசி, முன்னால் ஓட்டுகிறவருக்கு நெரிசல் எரிச்சல். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறார்கள். ஒருவருக்காக ஒருவர் நிற்க வேண்டிய தருணம் வருவதேயில்லை. பஸ்ஸில் போனாலோ ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் ஏற வேண்டும். காலியான ஓர் இருக்கையை யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களை மதிக்க வேண்டும் என்று வீட்டில் நூறு முறை சொன்னது, ஓடுகிற பஸ்ஸில் ஒரே முறையில் செயலாகிறது.

தைப்பூசத்தில் சாமியே இந்த வேகத்தில்தான் வருகிறார். காரைக்குடியிலிருந்து வந்த செட்டியார்களின் வெள்ளி இரதம் 1894-இலிருந்து பினாங்கு வீதிகளில் ஓடுகிறது. பூசத்துக்கு முந்தின நாள் அதிகாலையில் பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து காளைகள் பூட்டிக் கிளம்பும். வண்டியில் சில நிமிடத்தில் கடந்துவிடக்கூடிய தூரம்தான். தண்ணீர்மலைச் சாலையை அடைய அதற்குப் பகல் முழுக்க ஆகிவிடும். வழிநெடுக அர்ச்சனைத் தட்டுகளுக்காக நிற்கும். அதன் முன்னால் மலைமலையாகக் குவித்த தேங்காய்களைத் தமிழர்களோடு சீனர்களும் உடைப்பார்கள். 2017-இலிருந்து பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் தங்க இரதமும் குவீன் தெரு ஆலயத்திலிருந்து கிளம்புகிறது. நின்று நின்று போவதே அந்த ஊர்வலங்களின் நோக்கம். வாசலுக்கு வந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் சாமி காத்திருக்கிறார்.

அந்தச் செட்டியார்களின் சொந்த மண்ணிலும் இதுவே வழக்கம். செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்துபோவது நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் பாதயாத்திரை போகிறார்கள். திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம். அதற்காக அரசு சிறப்புப் பஸ்கள் விடுகிறது.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்கும் படிப்புக்கும் போகும் பெண்களை மனத்தில் வைத்து வந்த திட்டம். ஆனால் செவ்வாய், வெள்ளிகளில் அந்தப் பஸ்ஸில் ஏறிப் பக்கத்து ஊர் அம்மனைப் பார்க்கப் போகும் வயதான பெண்களுக்கு அதனால் இன்னொன்றும் கிடைத்தது. மகன் காரை எடுக்கும் நாளுக்காகக் காத்திராமல், சாமியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிய அன்றே கிளம்பிவிடலாம். முதுமையில் இது சின்ன சுதந்திரம் இல்லை. பஸ் எப்போது வரும், எங்கே மாற வேண்டும் என்று தெரிந்த பாட்டி, அடுத்த முறை யார் துணையும் இல்லாமல் போவார்.

பக்தர்களைச் சுமக்கும் வண்டிக்கும் துறைக்கும் பெரிய பொறுப்பு உண்டு. இதைப் பட்டர்வொர்த் ஒருமுறை கொடிய விலை கொடுத்துக் கற்றது. 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழா. ஜார்ஜ்டவுனில் சீனர்களின் குவான் யின் தெய்வ விழா. இரண்டுக்குமான கூட்டம் ஒரே மாலையில் சுல்தான் அப்துல் ஹாலிம் ஃபெர்ரித் துறையில் திரண்டது. பாரம் தாங்காமல் மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். தெய்வத்தைப் பார்க்கக் கிளம்பிய சாதாரண மக்கள். திருவிழாக் கூட்டம் எப்போது, எத்தனை பேராக வரும் என்பதை முன்கூட்டியே கணித்துப் போக்குவரத்தை ஏற்பாடு செய்வது, அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் போல ஒரு கடமை என்பதை அந்த நாள் சொல்கிறது.

கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. பெருநிலப் பக்கத்தில் பஸ்ஸுக்குச் சில சமயம் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். நிழற்குடை இல்லாத நிறுத்தங்கள் உண்டு. மழை பிடித்தால் பட்டுப்புடவை நனையும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ, அறுவைச் சிகிச்சை முடிந்து தேறிவருபவருக்கோ கார்தான் சரி. இதில் வீம்புக்கு இடமில்லை. கார் வைத்திருப்பதில் குற்றமும் இல்லை. ஆண்டு முழுவதும் காரில் போகும் குடும்பம், ஒரே ஒரு யாத்திரையையாவது ஊரோடு சேர்ந்து போக வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

ஊரோடு சேர்வது என்பதற்குப் பினாங்கில் தனிப் பொருள் இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு மலாய் அம்மா, எதிரே ஒரு சீனத் தாத்தா. பாட்டியின் கையிலிருக்கும் அர்ச்சனைத் தட்டைப் பார்த்து இன்று என்ன விசேஷம் என்று மலாயில் கேட்கிறார்கள். பாட்டி தமக்குத் தெரிந்த மலாயில் சொல்கிறார். கொடிமலை உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 1923-இலிருந்து ஓடும் மலை ரயில் இரண்டுக்கும் போகிறவர்களை ஒரே பெட்டியில்தான் ஏற்றிச் செல்கிறது. காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகும் பிள்ளைக்கு இந்த அக்கம்பக்கம் கிடைப்பதில்லை. தன் சாமியைப் பற்றி அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் அதுவும் தன் சாமியைச் சரியாகத் தெரிந்துகொள்கிறது.

ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழா அழைப்பிதழில் உபயதாரர் பெயர்கள் அச்சாகின்றன, பூசை நேரங்கள் அச்சாகின்றன. அதன் கீழே இரண்டு வரியில் பஸ் எண்ணையும் கடைசி ஃபெர்ரி நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். இளைஞர் குழு இருக்கும் ஆலயங்கள், அருகிலுள்ள நிறுத்தத்தில் தொண்டர்கள் இருவரை நிறுத்தி முதியவர்களைச் சந்நிதிவரை கைப்பிடித்துக் கூட்டிவரலாம். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த விசேஷத்துக்கு வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு நாளைக் குறியுங்கள். அவர் உடம்புக்குத் தோதான நேரத்தில் கிளம்புங்கள். ஃபெர்ரித் துறையிலிருந்து தண்ணீர்மலைக்கு 10-ஆம் எண் பஸ். கொடிமலை அடிவாரத்துக்கு 204. மாசி மகத்தன்று கடலில் தீபம் விடும் தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மனுக்கு 101.