கைப்பாவையும் மனச்சான்றும்

மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாள். பனியன் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுந்த நம் பங்கில், அன்று மாலைத் திருப்பலிக்குப்பின் இளைஞர்கள் கலைநிகழ்ச்சி நடத்துவது வழக்கம். மூன்று ஆண்டுகளுக்குமுன் அவ்விழாவில் அவர்கள் நடத்திய ஒரு பொம்மை நாடகமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

கம்பெனிகளில் கழித்துப்போடும் கட்டிங் வேஸ்ட் துணியில் தைத்த கைப்பாவைகள். சட்டைப் பொத்தான்களே கண்கள். இரண்டு நாற்காலிகளுக்கிடையே கட்டிய போர்வையே திரை. கதைத்தலைவர் ‘ஜி.எம். சார்’. பெருத்த வயிறு, எலாஸ்டிக் நாடாவால் ஆன டை, இரண்டு கைப்பேசிகள். ஒன்று வெளிநாட்டுப் பையருக்கு. மற்றது தையல் பிரிவுக்கு. முதல் பேசி ஒலித்தால் அவர் முதுகு வளையும், குரல் குழையும், ‘யெஸ் சார்’ தவிர வேறு சொல் வாயில் வராது. இரண்டாம் பேசி ஒலித்தால் அதே முதுகு நிமிரும். அதே குரல் இடியாய் முழங்கும். ஓவர்லாக் தைக்கும் பெண் கழிவறைக்குப் போக அனுமதி கேட்கிறாள். ஜி.எம். சார் கடிகாரத்தைப் பார்க்கிறார். போகும் நேரம், திரும்பும் நேரம், தண்ணீர் ஊற்றும் நேரம் எனத் தனித்தனியே கணக்கிட்டுச் சனிக்கிழமைச் சம்பளத்தில் கழிக்கிறார். இறுதியில் இரண்டு பேசிகளும் ஒருசேர ஒலிக்கின்றன. மனிதர் குழம்பிப்போய்ப் பையரை அதட்டிவிட்டு, தையற்காரப் பெண்ணைக் கும்பிட்டு ‘யெஸ் சார்’ என்கிறார். வளாகமே சிரிப்பில் குலுங்கியது. நாமும் வாய்விட்டுச் சிரித்தோம்.

முன்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நம் பங்கைச் சேர்ந்தவர், ஒரு நிறுவனத்தில் உற்பத்தி மேலாளர், பருத்த உடலினர். நாடகம் முடியுமுன்பே மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் காலைத் திருப்பலிக்குப்பின் நம்மைத் தேடி வந்தார். “ஃபாதர், நான் பதிமூணு வயசுல கைமடியா வேலைக்குப் போனவனுங்க. நின்னு நின்னு கால் வீங்கித்தான் இந்த நிலைக்கு வந்தனுங்க. என்ற பொண்ணு நேத்து ராத்திரி, ‘அப்பா, அது நீங்களா?’ன்னு கேட்டாளுங்க. நான் என்னங்க பதில் சொல்றது?” என்றார்.

அன்று மாலை, பொம்மைக்கு வசனம் எழுதிக் குரலும் கொடுத்த பெண்ணை அழைத்துக் கேட்டோம். செக்கிங் பிரிவில் வேலை செய்பவள். தலை குனிந்தவாறே அவள் சொன்னாள்: “சாமி, வருசம் பூராவும் நாங்க அழுததைக் கேட்டீங்க, ஆறுதல் சொன்னீங்க. ஒரு நாள் சிரிச்சதுக்கு மட்டும் கணக்குக் கேக்கறீங்களே?”

இருவர் பேச்சிலும் உண்மை இருந்தது. அதனாலேயே அக்கேள்வி நம்மை விடவில்லை. மேலிருப்பவரைப் பார்த்துக் கீழிருப்பவர் நகைப்பது பாவமா? அல்லது நீதியின் ஒரு வடிவமா?

புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் ஏளனத்தைத் தனியொரு பாவமாகவே ஆராய்கிறார். பிறரை வெட்கித் தலைகுனியச் செய்வதே ஏளனத்தின் நோக்கம் என்பது அவர் கருத்து. சிறு குறையை விளையாட்டாகக் கொள்வதை அவர் பெரிதுபடுத்தவில்லை. ஆளையே ஒரு பொருட்டாக மதியாமல் நகைப்பதையே பெருங்குற்றமாகக் கருதுகிறார். ஆயினும் அதே தோமா, அளவறிந்த நகைச்சுவையை நற்பண்பு என்றும், சிரிப்பையே அறியாத கடுகடுப்பைக் குறை என்றும் எழுதினார். கீழுள்ளோர் தம் மேலோரைத் திருத்தலாமா என்ற வினாவுக்கும், மரியாதையோடு திருத்தலாம் என்பதே அவர் விடை. அந்தியோக்கியாவில் தூய பவுல் பேதுருவையே நேருக்கு நேர் கண்டித்தாரல்லவா?

தமிழ் மரபும் இதற்கு அந்நியமன்று. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனின் வருகையை அறிவிப்பவன். அரசனைக் கிண்டல் செய்பவனும் அவனே. தோல்பாவைக் கூத்தில் இராமாயணக் கதைக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நுழைந்து, ஊர் நடப்பையும் பெரிய மனிதர்களையும் நையாண்டி செய்வர். இன்றைய திருப்பூர் மாவட்டத்துப் பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் நகைச்சுவைக்குப் பாட்டெழுதித் தந்தவர். நம் திருச்சபையின் தமிழ்ச் செல்வமான வீரமாமுனிவரோ (1680–1747) பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் படைத்து, குருக்களின் பேதைமையையே நகைப்புக்குரியதாக்கினார். குருவானவர் ஒருவரே குருவைப் பார்த்துச் சிரிக்கக் கற்பித்தார் என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

நம்மூரைப் போலவே நூலையும் துணியையும் நம்பி வாழ்ந்த மற்றொரு நகரத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். பிரான்சு நாட்டின் லியோன், பட்டு நெசவாளர்களின் நகரம். அங்கே நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் லோரான் மூர்கே (1769–1844). தறி ஓயவே அவர் ஊர்சுற்றி வியாபாரியானார். பின்பு பல் பிடுங்கும் தொழிலை மேற்கொண்டார். நோயாளிகளைக் கவர்வதற்காகப் பொம்மை ஆட்டத் தொடங்கியவர், 1808ஆம் ஆண்டளவில் ‘கிஞ்ஞோல்’ என்னும் கைப்பாவையை உருவாக்கினார். நெசவாளிகளின் பேச்சைப் பேசிய கிஞ்ஞோல், வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரையும் மிரட்டும் காவலரையும் கேலி செய்தது. அதே நெசவாளர்கள் கூலிக்காக 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்த வரலாறு உலகறிந்தது. பின்னாளில் அரசு, பொம்மை பேசப்போகும் வசனங்களை முன்கூட்டியே எழுதிக் காட்டி அனுமதி பெறவேண்டும் என ஆணையிட்டது. துணியும் மரமுமான ஒரு பொம்மைக்கு அரசு அஞ்சியது!

ஏன் அஞ்சவேண்டும்? ‘குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்’ என்பது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. பேசியவரை வேலையிலிருந்து நிறுத்தலாம். பொம்மையை நிறுத்துவது எங்ஙனம்? எளியவர் தம் முகத்தை மறைத்துக்கொண்டு உண்மையைப் பேச அது திரை தருகிறது. அத்திரையின்றி நேர்முகமாய் நின்று நடித்த சப்தர் ஹாஷ்மியை நாடு மறந்திருக்காது. டெல்லியை அடுத்த சாகிபாபாத்தில் 1989 ஜனவரி 1 அன்று, தொழிலாளர் நடுவே வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் அவர் இறந்தார். சிரிப்புக்குச் சிலர் செலுத்திய விலை அத்தகையது.

எனவே மேலோரை நகைப்பதெல்லாம் பாவம் என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் நகைப்பதெல்லாம் நீதி என்றும் சொல்ல இயலாது. விவிலியமே இரண்டு வகை நகைப்பை நம்முன் வைக்கிறது. கார்மேல் மலையில் எலியா, பாகாலின் பொய்வாக்கினரைப் பார்த்து, உங்கள் தெய்வம் உறங்குகிறதோ என்னும் பொருள்பட எள்ளி நகையாடினார். ஆண்டவர் இயேசு, கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவோரைச் சித்திரம்போல் காட்டியபோது, மக்கள் சிரித்திருக்கவே வேண்டும். மறுபுறம், ஆளுநர் மாளிகையில் வீரர்கள் ஒரு கைதிக்குச் செந்நிற ஆடை உடுத்தி, முள்முடி சூட்டி, கையில் கோலைக் கொடுத்து மண்டியிட்டனர். அதுவும் ஒரு பொம்மை நாடகமே. அங்கே பொம்மையாக்கப்பட்டவர் நம் மீட்பர். முன்னது அதிகாரத்தின் பொய்ம்மையைத் தோலுரித்தது. பின்னது, கட்டுண்ட மனிதரின் மாண்பை உரித்தது.

நம் இளைஞரின் நாடகத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தோம். இரண்டு பேசிகளுக்கு இரண்டு முதுகு என்ற காட்சி எலியாவின் வழியில் வந்தது. அது ஒரு செயலைக் காட்டியது. மாற்றிக்கொள்ளக்கூடிய செயல் அது. அந்தப் பருத்த வயிறோ வீரர்களின் வழியில் வந்தது. உடலை மாற்றிக்கொள் என்று எவரும் எவரிடமும் கேட்க முடியாது. நாத்தான் இறைவாக்கினர் தாவீதிடம் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னபோது, தாவீதின் உருவத்தைக் கேலி செய்யவில்லை. தாவீதே தம் வாயால் தீர்ப்புச் சொல்லுமாறு கதையை அமைத்தார். அக்கதையில் அரசர் திரும்பி வருவதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது. மகளின் முன்னே தலைகுனிந்த நம் மேலாளருக்கு அத்தகைய வாசலை நாடகம் திறந்து வைக்கவில்லை.

தமிழில் ‘கைப்பாவை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் மாட்டி ஆட்டும் பொம்மை ஒன்று. பிறர் ஆட்டுவித்தபடி ஆடும் மனிதன் மற்றொன்று. ஜி.எம். சாரை ஆட்டுவிப்பவர் யார்? ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் திருப்பூரைப் பற்றி 2004இல் வெளியிட்ட நூலில், இங்கே முதலாளியானோர் பலர் ஒரு காலத்தில் இதே தொழிலில் உழைப்பாளியாய் இருந்தவர் என்பதை விரிவாகக் காட்டினார். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அன்று எதிரெதிரே நின்றவர்களில் ஒரே ஊரார், ஒரே உறவினர் உண்டு. இன்றோ ஒரு சட்டையின் விலையைக் கடல்கடந்த ஓர் அலுவலகம் முடிவு செய்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீது வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, ஆர்டர் தங்குமா என்று மேலாளரும் கைமடியும் ஒருசேரக் கலங்கியதை நாம் கண்டோம். பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் 1988 முதல் 2018 வரை நடந்த ஒரு பொம்மை நிகழ்ச்சியில், உலகையே விலைக்கு வாங்கும் கற்பனை நிறுவனம் ஒன்று வரும். அதன் அதிகாரிகள் அனைவருக்கும் ஒரே முகம்! ஆட்டுவிக்கும் கைக்குத் தனிமுகம் இல்லை என்பதை அப்பொம்மைகள் சொல்லாமல் சொல்லின.

இதனால் மேலாளர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார். மேலிருந்து இழுபட்டாலும், கழிவறைக்குப் போகக் கேட்கும் பெண்ணிடம் எக்குரலில் பேசுவது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவரோடு நின்றுவிடும் சிரிப்பு பாதி உண்மையையே சொல்லும். மலிவு விலை பனியனைத் தேடி வாங்கும் நம் கையும் அவரை ஆட்டுகிறதே!

இப்போது நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். மறு ஆண்டு இளைஞர்கள் மீண்டும் பொம்மைகளோடு வந்தபோது, வேண்டாம் என்று தடுத்தோம். பிறர் மனம் நோகலாகாது, அன்பே பெரிது என்று காரணம் கூறினோம். அவர்களும் எதிர்த்துப் பேசாமல் போய்விட்டார்கள். உண்மையில் அவ்வாண்டு ஆலயக் கோபுரத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. நன்கொடைப் பட்டியலின் மேல்வரிசையில் கம்பெனி உரிமையாளர்கள் இருந்தனர். மேலாளரின் கண்ணீரைக் காட்டி, நம் அச்சத்தை மறைத்துக்கொண்டோம். நன்கொடையாளருக்கு ஒரு குரல், செக்கிங் பெண்ணுக்கு ஒரு குரல் எனப் பேசினோம். இரண்டு பேசிகள் நம் கையிலும் இருந்தன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூன் 14 அன்று உலகின் நகைச்சுவைக் கலைஞர் நூற்றுக்கும் மேற்பட்டோரை வத்திக்கானில் சந்தித்தார். நாம் அன்பு செய்பவரோடு விளையாடிச் சிரிப்பதுபோல் கடவுளைக் குறித்தும் சிரிக்கலாம் என்று அவர்களிடம் கூறினார். அச்செய்தியைப் படித்தபோது நமக்கு வெட்கமாயிருந்தது. கடவுளே தாங்கிக்கொள்ளும் சிரிப்பை ஒரு பங்குத்தந்தை தாங்கலாகாதா?

இவ்வாண்டு மே முதல் நாளுக்கு முன்னரே அப்பெண்ணை அழைத்து, நாடகத்தை மீண்டும் நடத்துமாறு கேட்டுக்கொண்டோம். முன்பு தடுத்ததற்காக மன்னிப்பும் கேட்டோம். ஒன்றை மட்டும் வேண்டினோம்: வயிறு வேண்டாம். அவள் சிறிது யோசித்து, “சரிங்க சாமி, ஆனா இன்னொரு பொம்மை சேத்துக்கறோமுங்க” என்றாள்.

அந்தப் பொம்மையை விழா மாலையில்தான் கண்டோம். வெள்ளை பனியன் துணியில் அங்கி, கண்ணாடி, கையில் நன்கொடை இரசீதுப் புத்தகம். ஜி.எம். சார் நுழைந்ததும் அது எழுந்து நாற்காலி போட்டது. தையற்காரப் பெண் நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்த்தது. மக்கள் சிரித்தார்கள்; நம்மைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். மேலாளரும் மகளோடு வந்து இறுதிவரை அமர்ந்திருந்தார். அவர் சிரித்தாரா என்பதை நாம் கவனிக்கவில்லை. நம் முகமே அப்போது சிவந்திருந்தது.

வாசகர்களே, உங்கள் இல்லத்திலோ அலுவலகத்திலோ அன்பியத்திலோ உங்களுக்குக் கீழே சிலர் இருப்பார்கள். தங்களுக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் அவர்கள் நீங்கள் உள்ளே நுழைந்ததும் திடீரென மௌனமானால், அம்மௌனத்தைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். அவர்கள் கையில் எந்தப் பொம்மை இருந்தது என்று கேளுங்கள். கேட்டபின் எவரையும் தண்டியாதிருங்கள்.