சிக்கினான், சிக்கினார்

எம்.என்.நம்பியார் கைகளைப் பிசைந்துகொண்டு திரையில் நின்றால் போதும், டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் மண்ணை வாரித் தூற்றத் தொடங்கிவிடுவார்கள். கறுப்பு வெள்ளைக் காலத்து வில்லன் என்றதும் நினைவுக்கு வருவது சாட்டையும் மீசையுமாக நிற்கும் பண்ணையார்தான். கூலிக்காரன் நல்லவன், பண்ணையார் வில்லன். நமக்குப் பழகிய கணக்கு இது.

'வில்லன்' என்ற சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டினால் கணக்கு தலைகீழாகிறது. லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. அங்கே பாடுபட்டவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு வழியாக அது இங்கிலாந்துக்குள் நுழைந்தபோது, பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு, அவர் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுக்கூடப் போக முடியாத குடியானவனைக் குறித்தது. போகப் போக நாசூக்கு தெரியாதவன், ஈனபுத்திக்காரன், கடைசியில் அயோக்கியன். ஆக, முதல் வில்லன் பண்ணையார் அல்ல, பண்ணையாள். அவன் செய்த குற்றம் என்னவென்று தேடிப் பார்த்தேன். சேற்றில் நின்றதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

'நேவ்' என்ற வசையும் அப்படித்தான். முதலில் வெறும் பையன், பிறகு ஏவல் செய்யும் பையன், அப்புறம் போக்கிரி. ஜெர்மனில் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் 'க்னாபே' இன்றும் பையனாகவே இருக்கிறான்.

மேலே இருப்பவர் தப்பு செய்தால்? அதற்கு ஆங்கிலச் சட்டம் பட்டுத்துணியில் சுற்றி மூன்று சொற்களை வைத்திருக்கிறது. செய்யவே கூடாததைச் செய்தால் 'மால்ஃபீசன்ஸ்'. செய்யத்தக்கதைக் கோணலாகச் செய்தால் 'மிஸ்ஃபீசன்ஸ்'. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் 'நான்ஃபீசன்ஸ்'. மூன்றாவது எனக்குப் பிடிக்கும். கோப்பின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதும் பிழைதான் என்று ஒப்புக்கொள்ளும் சொல் அது. தகாததைச் செய்தாலும் கேடு, தக்கதைச் செய்யாவிட்டாலும் கேடு என்று வள்ளுவரும் ஒரே குறளில் இரண்டையும் கட்டியிருக்கிறார். ஆனால் கவனியுங்கள். இந்த மூன்றும் செயலுக்கு வைத்த பெயர்கள். செய்தவர்மேல் ஒட்டுவதில்லை. பண்ணையாளோ தானே ஒரு வசையாகிப் போனான்.

'லூட்' என்ற சொல்லை ஆங்கிலேயர் இந்துஸ்தானியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கொள்ளையோடு அதன் பெயரையும் கப்பலேற்றினார்கள் என்று சொல்லலாம். வங்காளத்தில் ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது 1788-ல் பிரபுக்கள் சபையில் விசாரணை தொடங்கியபோது அந்த நாட்டுச் சொல் பயன்படவில்லை. சாட்டப்பட்டவை பெருங்குற்றங்களும் 'மிஸ்டிமீனர்'களும். பின்னதை நேராகச் சொன்னால் நடத்தைப் பிசகு. ஏழு ஆண்டுகள் இழுத்து, 1795-ல் விடுதலை. அதே ஆங்கிலேயர் 1860-ல் நமக்கு எழுதித் தந்த தண்டனைச் சட்டத்தில், ஐந்து பேர் சேர்ந்து கொள்ளையடித்தால் 'டக்காய்ட்டி'. அந்தச் சொல்லும் இங்கே எடுத்ததுதான்.

'க்ரைம்' என்பதன் லத்தீன் மூலமான 'க்ரீமென்' முதலில் குற்றச்சாட்டைக் குறித்தது. குற்றம் என்ற பொருள் அதன் பின்னால் வந்தது. விரல் நீண்ட பிறகுதான் குற்றம் பிறக்கிறது. யாருடைய விரல் என்பதைப் பொறுத்து அதன் பெயரும் அமைகிறது.

தவறைக் குறிக்கும் 'ராங்', சட்டத்தில் தீங்கைக் குறிக்கும் 'டார்ட்' இரண்டுக்கும் ஆதிப்பொருள் வளைந்தது, முறுக்கியது. தமிழிலும் 'கொடு' என்றால் வளைவு. அந்த வளைவை நம் முன்னோர் அரசன் கையில் இருந்த கோலிலேயே கண்டு, கொடுங்கோல் என்றார்கள். இங்கிலாந்தில் குடியானவன்மேல் விழுந்த பழி, இங்கே ஒரு சொல்லிலாவது சிம்மாசனம்வரை போயிருக்கிறது.

பெருமைப்பட்டுக்கொண்டே காலைப் பத்திரிகையைப் பிரித்தேன். அதிகாரி ஒருவர் கையில் அரசுப் பணம் கோடிக்கணக்கில் காணாமல் போனதற்கு 'முறைகேடு' என்று தலைப்பு. பக்கத்துப் பத்தியில் பேருந்தில் மணிபர்ஸ் அடித்தவன் 'திருடன்'. இவன் சிக்கினான். அவர் சிக்கினார்.