எதிர்க்காற்றை ஏற்பவர்கள்

மிதிவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்லும்போது, முதலில் செல்பவருக்கே உழைப்பு அதிகம். எதிர்க்காற்றை அவர் தம் மார்பில் ஏற்கிறார். அவரை நெருங்கித் தொடர்பவரோ அவரைவிடக் குறைந்த முயற்சியில் அதே வேகத்தில் செல்கிறார். இதில் விந்தை ஒன்று உண்டு. பின்னால் வருபவருக்கு அந்த உதவி தெரிவதில்லை. 'இன்று காற்றே இல்லை' என்றுகூட அவர் எண்ணலாம். வரிசையை விட்டுச் சற்று விலகி வரும்போதுதான், அதுவரை தமக்காக ஒருவர் எதைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்பது அவருக்குப் புரிகிறது.

ஒரு நகரம் இரவில் நிம்மதியாக உறங்குவதும் இப்படித்தான்.

ஒரு காலத்தில் 'சைக்கிள்களின் நகரம்' என்று பெயர் பெற்றிருந்தது புனே. அங்கிருந்து மிதிவண்டி ஓட்டிகள், 2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய மும்பைத் தாக்குதலில் உயிர்நீத்தோரின் நினைவாக, மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா வரை பயணம் சென்றதுண்டு. பழைய நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இத்தகைய பயணங்களை வழிநடத்துபவர்கள் தொண்டர்கள். ஊதியமில்லை, பரிசுமில்லை. இந்த முயற்சி ஒரு பழைய கேள்வியை நம்முன் வைக்கிறது: வாழ்பவர்கள் வியர்வை சிந்துவதால் மறைந்தவர்களுக்கு என்ன பயன்?

ஊதியமும் தியாகமும்

முதலில் வேறோர் ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'காவலர் சம்பளம் பெறுகிறார், கடமையைச் செய்கிறார். இதில் தியாகம் எங்கே?' என்று சிலர் கேட்பதுண்டு.

மும்பைக் காவல்துறையில் உதவித் துணை ஆய்வாளராக இருந்தவர் துக்காராம் ஓம்ப்ளே. அந்த இரவில் கிர்காவ் சௌபாத்தி அருகே, பயங்கரவாதிகள் வந்த காரைக் காவலர்கள் மறித்தனர். ஓம்ப்ளேயின் கையில் இருந்தது தடி மட்டுமே. எதிரியின் தானியங்கித் துப்பாக்கியின் குழாயை அவர் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். குண்டுகள் உடலைத் துளைத்தபோதும் பிடியை விடவில்லை. அந்தச் சில நொடிகளில் மற்றக் காவலர்கள் அஜ்மல் கசாபை உயிருடன் பிடித்தனர். தாக்க வந்த பத்துப் பேரில் உயிருடன் பிடிபட்டவன் அவன் ஒருவனே. சதி பற்றிய உண்மைகள் நீதிமன்றத்தில் வெளிப்பட அது வழிவகுத்தது. 2012 நவம்பர் 21 அன்று புனேயின் எரவாடா சிறையில் அவனுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஓம்ப்ளேவுக்கு 2009இல் அசோக சக்கர விருது வழங்கப்பட்டது.

துப்பாக்கிக் குழாயைக் கையால் பற்று என்று எந்த மேலதிகாரியும் ஆணையிட முடியாது. எந்தப் பணிவிதியிலும் அப்படி எழுதியிருக்காது. ஊதியம் ஒருவரின் நேரத்துக்கும் திறமைக்கும் ஈடாகலாம். அந்தக் கணத்துக்கு ஈடாகாது. கடமை எங்கே முடிகிறதோ அங்கிருந்து ஓரடி எடுத்து வைப்பதே தியாகம். ஆனால் அந்த ஓரடியை எடுத்து வைக்கும் வலிமை, நாள்தோறும் கடமையைச் செய்து பழகியவருக்கே வாய்க்கிறது.

நான்காவது கடன்

மனிதன் பிறக்கும்போதே கடன்பட்டவனாகப் பிறக்கிறான் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தேவர், ரிஷிகள், பித்ருக்கள் ஆகிய மூவருக்கும் உரிய கடன்களைப் பலரும் அறிவர். சதபத பிராமணம் நான்காவதாக ஒன்றையும் கூறுகிறது. அது சக மனிதர்களுக்குப் பட்ட கடன். பொருட்கடனைத் திருப்பிக் கொடுத்தால் அது தீர்ந்துவிடும். உயிரைக் கொடுத்தவருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? பெற்றுக்கொள்ள அவரே இல்லையே!

இங்கேதான் நினைவின் பொருள் விளங்குகிறது. நினைவுகூர்தல் என்பது கடனை அடைப்பதன்று; 'நான் கடன்பட்டவன்' என்று ஒப்புக்கொள்வது. இறந்தவருக்கு அதனால் எதுவும் கூடுவதில்லை. ஆனால் ஒப்புக்கொண்டவன் முன்போல் வாழ முடியாது. மறைந்தவரின் குடும்பத்தை நோக்கி அவன் கை நீள்கிறது. நற்பணிக்கென நிதி திரட்டும் பயணங்கள் அர்த்தம் பெறுவது இதனால்தான்.

இந்த ஒப்புதலை வாயால் சொன்னால் போதாதா? உடலை ஏன் வருத்திக்கொள்ள வேண்டும்? புனே மக்களுக்கு இதற்கு விடை சொல்லத் தேவையில்லை. அருகிலுள்ள தேஹுவிலிருந்து சந்த் துக்காராமின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்தி, ஆண்டுதோறும் வார்க்கரிகள் அந்நகரின் வழியே பண்டரிபுரத்துக்கு நடந்தே செல்கிறார்கள். கால் வலிக்கும்போது மனம் ஓரிடத்தில் நிற்கிறது. தமிழகத்தில் போரில் வீழ்ந்தவனுக்குக் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, பெயர் பொறித்து நட்டார்கள் நம் முன்னோர். நன்றிக்கு ஒரு பாரம் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1997இல் பதினெட்டுப் பேர், பணியில் உயிர்நீத்த காவலர்களுக்காக வாஷிங்டனிலுள்ள நினைவிடம் வரை மிதிவண்டியில் சென்றனர். அது இன்று ஆயிரக்கணக்கானோர் பங்கேற்கும் ஆண்டுப் பயணமாக வளர்ந்துள்ளது. நம் நாட்டில் 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரால் பத்துக் காவலர்கள் கொல்லப்பட்டனர். அந்த நாளே காவலர் வீரவணக்க நாள். 2018இல் அதே நாளில் புது தில்லியில் தேசியக் காவலர் நினைவகம் திறக்கப்பட்டபோது, அதன் சுவரில் 34,800க்கும் அதிகமான பெயர்கள் இருந்தன. அவற்றில் மக்கள் அறிந்த பெயர்கள் எத்தனை?

'காவல்துறையில் குறைகளே இல்லையா?' என்றும் கேட்கலாம். உண்டு. ஆனால் வீழ்ந்தவரைப் போற்றுவது அக்குறைகளை மூடும் திரையன்று. ஓம்ப்ளேயின் பெயரை உரக்கச் சொல்லும் சமூகம், சீருடை அணிந்த ஒவ்வொருவர் முன்பும் ஓர் அளவுகோலை வைக்கிறது. தவறு செய்பவரை அந்தப் பெயரே கண்டிக்கும்.

வழிநடத்துபவரின் சாதனை

எந்த நற்செயலிலும் 'நான்' என்பது மெல்ல நுழைந்துவிடும். நினைவுப் பயணம், ஓட்டுபவரின் வலிமையைக் காட்டும் பயணமாக மாறிவிடக்கூடும். அதிலிருந்து காப்பது தொண்டரின் பணி.

புனேயிலிருந்து செல்லும் பாதை லோனாவாலா வரை உயர்ந்து, கண்டாலாவைத் தாண்டியதும் போர் மலைப்பாதையில் சரிகிறது. ஏற்றத்தில் தொண்டர் கடைசியில் வருபவரின் மூச்சைக் கவனித்துத் தம் வேகத்தைக் குறைக்க வேண்டும். இறக்கத்திலோ வேகத்தின் போதையில் முந்தத் துடிப்பவரைத் தடுக்க வேண்டும். தளர்ந்தவருக்குத் துணை, துள்ளுபவருக்குத் தடை: காவலரின் பணியும் இவ்விரண்டுதானே! முதலில் சென்றடையும் ஆற்றல் இருந்தும் கடைசி ஆளுக்காகக் காத்திருப்பவர், யாரை நினைத்துப் புறப்பட்டாரோ அவருடைய வாழ்க்கையைச் சில மணி நேரமாவது வாழ்ந்து பார்க்கிறார். பலன் கருதாத செயலுக்கு இது நல்லதொரு பயிற்சி.

எல்லோரும் மிதிவண்டியில் நெடும்பயணம் செல்ல இயலாது. ஆனால் நமக்கு முன்னால் காற்றை ஏற்றவர்கள் எல்லோருடைய வாழ்விலும் இருக்கிறார்கள். மழையில் நாற்சந்தியில் நிற்கும் காவலரும் அவர்களுள் ஒருவர். அவர்களை நினைப்பது நன்றியின் தொடக்கம். பின்னால் வரும் ஒருவருக்காக நாமும் சிறிது தூரம் முன்னே சென்று காற்றை ஏற்பதே அதன் நிறைவு.