மூச்சை அடக்கிப் பறித்த பூ

திருவாரூருக்கு நாலு மைல் தள்ளி எங்கள் ஊர். விடிகிற நேரத்தில் அப்பாயி பூக்குடலையோடு கொல்லைக்கு இறங்கும்போது நானும் பின்னாலேயே போவேன். செடிக்குக் கை நீட்டும் முன் ஒரே கட்டளைதான்: “மூச்ச அடக்கிக்கடி, சாமிக்குப் போற பூ.” செம்பருத்தி என்றால் கவலையில்லை, அதில் மணம் கிடையாது. பன்னீர் ரோஜாவும் முல்லையும்தான் பெரும்பாடு. நாலைந்து பூவைப் பறித்துவிட்டு வேலிப்பக்கம் திரும்பி மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி வருவேன். சில நாள் ஒரு துணியால் என் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிவிடுவாள். கரூரில் சிவகாமியாண்டார் என்ற அடியார் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூப்பறித்தார் என்பாள். முகர்ந்த பூ எச்சில் பூ. அதற்கு மேல் பேச்சில்லை.

கொஞ்சம் வளர்ந்த பிறகு, பூவை முகர்ந்த ஒரு ராணியின் கதையையும் அவளே சொன்னாள். கழற்சிங்கர் என்ற பல்லவ அரசர் ராணியோடு திருவாரூர்க் கோயிலுக்கு வருகிறார். பூமண்டபத்துப் பக்கம் கீழே விழுந்துகிடந்த ஒரு பூவை ராணி எடுத்து முகர்கிறாள். அதைப் பார்த்த செருத்துணையார் என்ற சிவனடியார் அவள் மூக்கை அரிந்துவிடுகிறார். சத்தம் கேட்டு வந்த அரசர், பூவை எடுத்தது கைதானே, அதை அல்லவா முதலில் வெட்டியிருக்க வேண்டும் என்று அவள் கையைத் துண்டிக்கிறார். அரசர், செருத்துணையார் இருவரும் அறுபத்து மூன்று நாயன்மாரில் இருக்கிறார்கள். திருவாரூர்க் கோயிலில் அவர்களைக் கும்பிட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் ராணி அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்டால் அப்பாயி பதில் சொல்லமாட்டாள். அந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது.

1987-இல் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். வந்த முதல் வெள்ளிக்கிழமை கொல்லையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூப்பறிப்பதைப் பார்த்து அத்தை பதறிப்போனார். “என்னம்மா, மேலுக்கு முடியலையா?” காரணத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. என் கையிலிருந்த ரோஜாவை வாங்கித் தன் மூக்கருகே வைத்து நிதானமாக முகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். “மோந்து பாத்துட்டு வைம்மா. இது அவ ஊரு.”

அவ ஊர்தான். பெரியாழ்வார் பெருமாளுக்கென்று கட்டிவைத்த மாலையைத் தான் சூடி அழகு பார்த்துவிட்டுக் கொடுத்த ஆண்டாளின் ஊர். அந்த மாலைதான் எனக்கு வேண்டும் என்று பெருமாள் கேட்டு வாங்கிக்கொண்ட ஊர். அவள் சூடிக்களைந்த மாலை இன்றும் சித்திரையில் மதுரைக்கு அழகருக்கும், பிரம்மோற்சவத்தில் திருப்பதிக்கும் போகிறது. ஒரு கோயிலில் கீழே கிடந்த பூவை முகர்ந்ததற்கு மூக்குப் போயிற்று. இன்னொரு கோயிலில் கூந்தலில் சூடிய பூவே பெருமை ஆயிற்று. இரண்டையும் நான் நம்புகிறேன். இரண்டையும் எப்படி ஒரு மனத்தில் வைத்துக்கொள்வது என்பதுதான் என் இத்தனை வருஷத்துச் சங்கடம்.

பூ சாமிக்குப் போகும் வழியில் மட்டுமல்ல, திரும்பி வரும் வழியிலும் இதே சிக்கல்தான். சிவனுக்குச் சாத்திக் களைந்தது நிர்மாலியம். அது சண்டிகேசுவரருக்கு உரியது. அதனால்தான் அவர் சந்நிதியில், எதையும் எடுத்துப்போகவில்லை என்று கையைத் தட்டிக் காட்டிவிட்டு வருகிறோம். கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவபெருமானே தன் மாலையை எடுத்துச் சண்டிகேசுவரர் தலையில் சுற்றுகிற சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு அது யாருடைய சொத்து என்பதில் சந்தேகம் வராது. பெருமாள் கோயிலிலோ களைந்த மாலையும் துளசியும் நம் கைக்கே வருகின்றன. வந்ததை வாடிய பிறகு என்ன செய்வது? ஆற்றில் விடலாம், மரத்தடியில் போடலாம். அத்தை உலர்த்தினார். அவரிடம்தான் நான் ஜாடி போடக் கற்றேன்.

கொல்லைப் பூவானால், பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் பறிக்க வேண்டும். பன்னீர் ரோஜாவை இதழ் இதழாகப் பிரித்து, பழைய வெள்ளை வேட்டியை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் நிழலில் பரப்ப வேண்டும். வெயிலில் போட்டால் நிறமும் போய்விடும், மணமும் போய்விடும். மரிக்கொழுந்து, துளசி, மருவு இவற்றைக் கட்டுக் கட்டாகக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிடுவோம். எலுமிச்சைத் தோலைத் தனியாகக் காயவைப்போம். விரலால் நசுக்கினால் அப்பளம்போல் நொறுங்க வேண்டும். அத்தை இதழைக் காதருகே வைத்து நொறுக்கிச் சத்தம் கேட்டுத்தான் சரி என்பார். ஒரு வருஷம் நான் அவசரப்பட்டுப் பாதி காய்ந்த சம்பங்கியைச் சேர்த்தேன். பத்தாம் நாள் ஜாடி முழுக்கப் பூஞ்சை, அத்தனையும் குப்பைமேட்டுக்குப் போயிற்று. காய்ந்ததோடு கிராம்பும் பட்டையும் லேசாகத் தட்டிப்போட்டு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு மூன்றையும் இடித்துக் கலக்க வேண்டும். வேரின் எண்ணெய் கனமானது, சீக்கிரம் காற்றில் போகாது. பூவின் மணத்தையும் அது பிடித்துவைக்கும். எல்லாவற்றையும் ஊறுகாய் ஜாடியில் போட்டு வேடுகட்டி, நாலைந்து வாரம் இருட்டில் வைத்து, அவ்வப்போது குலுக்கிவிட்டால் தனித்தனி மணமெல்லாம் கூடி ஒன்றாகிவிடும்.

மகள் பார்த்துவிட்டு, “இதத்தாம்மா பொபூரின்னு கடையில விக்கிறாங்க” என்றாள். பிரெஞ்சுச் சொல், நேர்ப்பொருள் அழுகிய பானை. பலதையும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்புக்கு இருந்த பெயர், பிறகு இதழ் ஜாடிக்கு வந்ததாம். நம்மிடமும் நாற்றம் என்ற சொல் ஆண்டாள் காலத்தில் நறுமணம்தானே. வாடிய பூவுக்கோ செம்மல் என்று பெயர் வைத்திருக்கிறோம். பெருமைக்குரியவரையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம்.

ஜாடி போட்டவர்களுக்குத் தெரியும், எல்லாப் பூவும் ஒன்றுபோல் உலராது. மல்லிகை மணத்தைச் சேர்த்துவைக்காது. அது மலரும்போதுதான் மணம் பிறக்கிறது, பிறந்த கையோடு காற்றுக்குப் போய்விடுகிறது. உலர்ந்தால் வெறும் பழுப்புச் சருகு. மரிக்கொழுந்தும் துளசியும் இலையின் நுண்ணிய பைகளில் எண்ணெயைப் பூட்டிவைத்திருக்கின்றன. நசுக்கினால்தான் அது வெளிவரும். மகிழம்பூ எல்லாவற்றிலும் விசேஷம். காயக் காய அதன் மணம் நின்று பேசும். பூவும் மணமும்போல் பிரிக்க முடியாதது என்று பெரியவர்கள் உவமை சொல்லும்போது, எந்தப் பூவை நினைத்துச் சொன்னார்களோ என்று எனக்குத் தோன்றும். மல்லிகையா, மகிழமா?

2021 மே மாதம் கொரோனா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூக்கு மட்டும் போனது போனதுதான். பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்தது தெரியவில்லை. துளசியைக் கசக்கினேன், வெறும் ஈரம். காலையில் கொல்லைக்குப் போய்ப் பன்னீர் ரோஜாவைப் பறித்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. இப்போது மூச்சை அடக்க வேண்டியதே இல்லை. அப்பாயி ஆசைப்பட்டபடி, கொஞ்சமும் முகராத பூவைச் சாமிக்கு வைக்கிறேன். ராணிக்கு நடந்தது எனக்கு ரத்தமில்லாமல் நடந்திருக்கிறது. இதைவிடச் சுத்தமான அர்ச்சனை என் ஆயுளில் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

நாள் ஆக ஆக அது பொய் என்று தெரிந்தது. வைப்பது ரோஜாவா, அதேபோல் கத்தரித்த காகிதமா என்று என் மூக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பது என்ன கொடை? ஆண்டாளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மாலை எப்படி மணக்கும், தோளில் எப்படிக் கனக்கும் என்று அறிந்துதான் அனுப்பினாள். அதற்காகச் செருத்துணையாரைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது, அவர் செய்ததை நினைத்தால் இன்றும் நடுக்கம்தான். முகர்வது என்பது பூவிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி நம் உடம்புக்குள் வருவது. அதனால் அதை உண்பதோடு சேர்த்தவர்கள் நுட்பமானவர்கள். ராணியின் நினைப்பில் அப்போது சாமி இல்லை, பூ மட்டுமே இருந்தது என்பதைத்தான் அவர் பொறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். தண்டனையை அல்ல, அந்தக் கவலையை ஏற்கிறேன்.

வைசேஷிகத் தத்துவத்தில் ஒரு கருத்து உண்டு. மணம் மண்ணுக்கே உரிய குணம், மூக்கு என்ற பொறியும் மண்ணால் ஆனது, அதனால்தான் அதற்கு மணம் எட்டுகிறது. அப்படியானால் முகர்வது மண் மண்ணை அறிவது. அதில் எச்சில் எது, படையல் எது? மணமற்ற அந்த மாதங்களில் இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரோஜா, கிராம்பு, எலுமிச்சை, நீலகிரித் தைலம், இந்த நாலையும் காலை மாலை முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். மூன்று என் ஜாடியிலேயே இருந்தன. பெருமாள் கோயில் துளசியும் மகிழம்பூவும் சேர்ந்த ஜாடி அது. தினமும் இரண்டு வேளை அதன் வேட்டை அவிழ்த்து முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புரட்டாசியில் ஒரு மாலை, மிக லேசாக, தூரத்தில் யாரோ கதவைத் திறந்ததுபோல் மகிழம்பூ வந்தது. முன்பிருந்த மணம் அப்படியே இல்லை, ஓரம் கருகியதுபோல் இருந்தது. ஆனாலும் மகிழம்பூதான். ஜாடியோடு அத்தையிடம் ஓடினேன். அவருக்கு அப்போது எழுந்து நடக்க முடியாது. முகர்ந்துவிட்டு ஜாடியைத் திருப்பித் தந்து, “இன்னொரு தடவ பாரு” என்றார்.

இப்போது எங்கள் பூஜை அறையில் சிவனுக்கு வைத்து எடுத்தது மரத்தடிக்குப் போகிறது. பெருமாளுக்கு வைத்து எடுத்தது வேட்டியில் காய்கிறது. பறிக்கும்போது மூச்சை அடக்குவதில்லை. அப்பாயி படத்துக்கு வைக்கிற ஒரு பூவை மட்டும் அடக்கிக்கொண்டுதான் பறிக்கிறேன்.