பழையது என்று சொன்னது யார்?

இத்தாலி நாட்டின் மிலான் நகரில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஒரு பெரும் கண்காட்சி கூடுகின்றது. நாற்காலி, மேசை, கட்டில், விளக்கு, விரிப்பு ஆகியவையே அங்கே காட்சிப் பொருள்கள். 1961ஆம் ஆண்டு முந்நூற்றுச் சொச்சம் நிறுவனங்களுடன் தொடங்கிய இந்த ‘சலோனே தெல் மோபிலே’, வீட்டு அலங்கார உலகம் தன் நாட்காட்டியைத் திருத்திக்கொள்ளும் இடமாக வளர்ந்துவிட்டது. 2025ஆம் ஆண்டில் 2,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே கடை விரித்தன. 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்துச் சென்றனர்.

அந்தக் கூடங்களில் முழு அறைகளையே சமைத்து வைத்திருப்பார்கள். பஞ்சணை மெத்தை இருக்கும். அதில் உறங்கி எழுந்தவர் எவரும் இரார். உணவு மேசை இருக்கும். குழம்பு சிந்திய கறை இராது. சுவரில் குழந்தை கிறுக்கிய கோடு இல்லை; மூலையில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி இல்லை. மனிதர் வாழ்ந்ததற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லாத அந்த அறைகளைப் பார்த்துவிட்டு, மனிதர் வாழும் நம் அறைக்குத் திரும்புகிறோம். அப்போது நம் வீடு நமக்கே இளைத்துத் தெரிகின்றது. நேரில் போகாதவர்களுக்கும் இந்த இளைப்பு உண்டு; படங்கள் வீடு தேடி வந்துவிடுகின்றன.

அண்மை ஆண்டுகளில் அங்கிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிய வழக்கங்களை நாம் அறிவோம். நேர்க்கோட்டுச் சோபாக்கள் போய் வளைந்து நெளிந்த சோபாக்கள் வந்தன. ஆட்டுக்குட்டியின் முதுகு போலச் சுருள் சுருளான நெசவுத்துணி அவற்றின்மேல் ஏறியது. துளைகள் நிறைந்த டிராவர்டைன் கல் மேசையாயிற்று. வெண்மையும் சாம்பலும் ஆட்சி செய்த சுவர்களில் மண்ணின் பழுப்பு குடியேறியது. நிறத்திற்கென்றே ஆண்டுத் தீர்ப்பு வழங்கும் பான்டோன் என்ற அமெரிக்க நிறுவனம், 2023க்குச் செந்நீலச் சிவப்பையும், 2024க்குப் பீச் பழத்தின் மெல்லிய நிறத்தையும், 2025க்குக் காப்பியும் கொக்கோவும் கலந்த பழுப்பையும் அறிவித்தது. மூன்று ஆண்டுகளில் மூன்று நிறங்கள்! 2023இல் சுவருக்கு வண்ணம் பூசியவரின் சுவர் 2025இல் என்ன குற்றம் செய்தது?

இங்கேதான் நம் வினா எழுகின்றது. வீட்டை அழகுபடுத்துவது தவறா என்பதன்று அந்த வினா. அழகை விரும்புவது மனித இயல்பு. அதைப் பழிப்பவர்கள் பெரும்பாலும் பிறருடைய வீட்டு அழகைத்தான் பழிக்கிறார்கள். நம் வீட்டில் உள்ள ஒரு பொருளை ‘பழையதாகிவிட்டது’ என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு உரியது? அந்தப் பொருளோடு வாழ்கின்ற நமக்கா, அதை ஒருநாளும் கண்டிராத சந்தைக்கா? இதுவே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சந்தையின் நிலையையும் நாம் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல மேசை ஒன்று முப்பது ஆண்டுகள் உழைக்கும். கண்காட்சியோ ஆண்டுக்கு ஒன்று. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே மேசை விற்று எந்தத் தொழிற்சாலையும் பிழைக்க முடியாது. கால் ஒடியாத மேசையை மாற்ற வைக்க வேண்டுமானால், அதன் தோற்றத்தை ஒடிக்க வேண்டும். சென்ற ஆண்டின் அழகை இந்த ஆண்டின் அவலட்சணமாக்குவது வணிகனின் தீய குணமன்று. அவன் தொழிலின் கணக்கு. அந்தக் கணக்கை நாம் நம் ரசனை என்று எண்ணிக்கொள்வதுதான் ஏமாற்றம்.

அந்த ஏமாற்றத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாரியோ பெல்லினி என்னும் இத்தாலியர் 1970ஆம் ஆண்டில் ‘கமலியோண்டா’ என்றொரு சோபாவை வடிவமைத்தார். உப்பிய சதுரத் துண்டுகளை விரும்பியபடி சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய அமைப்பு அது. சில காலம் புகழோடு விற்றது. பின்பு தயாரிப்பு நின்றது. 2020ஆம் ஆண்டில் அதே நிறுவனம் அதையே மீண்டும் செய்து விற்கத் தொடங்கியது. மறுபடியும் அது புதுமையின் அடையாளமாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைப் ‘பழசு’ என்று தூக்கிப் போட்டவர்கள் எதைத் தூக்கிப் போட்டார்கள்? பொருள் மாறவில்லை. அதைப் பற்றிய பேச்சு மாறியது, மீண்டும் மாறியது. அவ்வளவே.

இந்த மயக்கத்தை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தன் வீட்டுக்குள் கண்டு சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் டெனி டிடெரோ. பெரும் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த அந்த மேதை, 1769இல் தம் பழைய வீட்டங்கியை இழந்ததற்காக வருந்தி ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு அழகிய செந்நிற அங்கி ஒன்று கிடைத்தது. பழைய அங்கியோ, நூல்களின் தூசியை அதன் ஓரத்தால் துடைக்கலாம், பேனா முனையில் மசி கட்டினால் அதிலேயே ஒற்றலாம் என்ற அளவுக்கு அவருக்கு உறவு கொண்டாடிய ஒன்று. புதிய அங்கியை அணிந்து அறையைப் பார்த்தார். வைக்கோல் வேய்ந்த நாற்காலி பொருந்தவில்லை. தோல் தைத்த நாற்காலி வந்தது. நூல்களின் பாரத்தால் வளைந்திருந்த பலகை கண்ணை உறுத்தியது. வேலைப்பாடு மிக்க அலமாரி வந்தது. மரமேசை போயிற்று, விலையுயர்ந்த எழுதுமேசை வந்தது. ஒன்றை மாற்றியதால் எல்லாம் மாறின. 1980களில் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானிடவியல் அறிஞர் இந்தத் தொடர் நோய்க்கு ‘டிடெரோ விளைவு’ என்று பெயரிட்டார்.

ஆனால், அந்தக் கட்டுரையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் இந்தப் பகுதியைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. எல்லாவற்றையும் மாற்றிய டிடெரோ ஒரு பழைய விரிப்பை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார். தாம் யார் என்பதை அது தமக்கு நினைவூட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். தேவையோடு வருகின்ற எவருக்கும் தம் கதவு முன்போலவே திறந்திருக்கின்றது என்றும், தம் நெஞ்சு இன்னும் இறுகிப் போகவில்லை என்றும் அவர் எழுதினார். அறை மாறியபோது அந்த மனிதர் தம்மைச் சோதித்துக்கொண்ட உரைகல் எது என்று பாருங்கள்: வாசலில் நிற்கும் ஏழை தயங்காமல் உள்ளே வர முடிகிறதா?

ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் 1900ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கதையும் இங்கே நினைக்கத் தக்கது. செல்வர் ஒருவர் தம் வீட்டைக் கலைக்கூடமாக்கும்படி ஒரு வடிவமைப்பாளரிடம் ஒப்படைக்கிறார். அவரும் தீப்பெட்டி வைக்கும் இடம் வரை எல்லாவற்றையும் வரைந்து முடித்துக் கொடுக்கிறார். செல்வரின் பிறந்தநாள் வருகின்றது. மனைவியும் மக்களும் அன்போடு பரிசுகள் தருகிறார்கள். அவற்றை எங்கே வைப்பது என்று கேட்க வடிவமைப்பாளரை அழைக்கிறார் செல்வர். அவரோ, செல்வர் காலில் கிடந்த செருப்பைக் கண்டே சினம் கொள்கிறார். செருப்பையும் வரைந்தவர் அவரேதான். ஆனால் அது படுக்கையறைக்கு என்று வரையப்பட்டதாம்! பரிசுகளைக் கண்டதும் சினம் இரட்டிப்பாகின்றது. முழுமையாக்கிக் கொடுத்த வீட்டில் இன்னொரு பொருளுக்கு ஏது இடம் என்கிறார். இனித் தம் வாழ்வில் பெறுவதற்கும் விரும்புவதற்கும் ஒன்றுமே இல்லை என்பதை அந்தச் செல்வர் அப்போதுதான் உணர்கிறார். குழந்தை தரும் பரிசை வைக்க இடமில்லாத வீடு எத்தனை அழகாயிருந்தும் என்ன பயன்?

இது மனத்தோடு முடிந்துபோகும் துன்பமும் அன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, அந்நாட்டில் கழிவாகச் சேர்ந்த மரச்சாமான்களும் அலங்காரப் பொருள்களும் 1960இல் ஏறத்தாழ 22 லட்சம் டன். 2018இல் அது 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டியது. அவ்விடைவெளியில் மக்கள்தொகை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. கழிவு ஐந்து மடங்குக்கு மேல் ஆயிற்று. அதில் ஐந்தில் நான்கு பங்கு மண்ணுக்குள் புதைக்கப்பட்டது. காரணம் விளங்காத ஒன்றன்று. தேக்கில் துளையும் நாக்கும் பொருத்திச் செய்த கட்டிலைத் தச்சர் பிரித்து, இழைத்து, மீண்டும் பூட்டலாம். மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகையில் திருகாணி ஒருமுறை பிடிக்கும்; கழற்றி மாட்டினால் துளை பொடிந்துவிடும். நீர் பட்டால் ஊதிவிடும். ‘பழசு’ என்ற சொல் மலிந்த காலத்துக்கு ஏற்ற பலகை அது.

அப்படியானால் புதியதே வேண்டாமா? அப்படியும் சொல்வதற்கில்லை. அதே மிலான் நகரத்தவரான ஜியோ பான்டி 1957இல் ‘சூப்பர்லெஜெரா’ என்ற நாற்காலியை உருவாக்கினார். அதன் எடை 1.7 கிலோ மட்டுமே. அவர் அதை வெறுங்கையால் கற்பனை செய்துவிடவில்லை. கியாவரி என்னும் கடற்கரை ஊரில் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த எளிய நாற்காலியை எடுத்து, தேவையற்ற மரத்தை ஆண்டுக்கணக்கில் செதுக்கிச் செதுக்கிக் கழித்தார். முதியவரும் ஒரு கையால் தூக்கி நகர்த்தக்கூடிய இருக்கை பிறந்தது. இதுவும் புதுமைதான், ஆனால் இது பழையதை அவமதித்துப் பிறந்ததன்று, அதனிடம் பாடம் கேட்டுப் பிறந்தது. அமர்பவரின் துன்பத்தைக் குறைக்கும் புதுமைக்கு நம் வீட்டில் என்றும் இடம் உண்டு. முழங்கால் மடங்காத தாய்க்கு வாங்கும் உயரமான நாற்காலியை எவர் ஆடம்பரம் என்பார்?

அளவுகோல் எங்கே இருக்கிறது என்பது இப்போது தெளிவாகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டுப் படுக்கைகளைக் கணக்கிட்டுச் சொன்ன அறிவுரை நம்மவர்க்குப் புதிதன்று. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தினருக்கு. அதற்கு மேற்பட்ட நான்காவதோ ஷைத்தானுக்கு என்பது அதன் கருத்து. சிக்கனத்தை வலியுறுத்தும் அந்தக் கணக்கிலும் விருந்தினரின் பங்கு கழிக்கப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தேவையின் எல்லைக்குள்ளேயே வருகின்றவரும் அடக்கம். பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, நுண்ணிதாகக் கீறி, நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் நெய்யும் பாயும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றது. வருபவர் வந்தால் விரிகின்றது. போனபின் சுருண்டு சுவரோரம் ஒதுங்குகின்றது. ஆளில்லாத வேளையில் தன்னைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது மிலான் கண்காட்சி நடைபெறவில்லை. அந்த நகரம் அமைந்த லொம்பார்டிப் பகுதியே ஐரோப்பாவில் முதலில் பேரிடி தாங்கிய நிலம். உலகமே வீட்டுக்குள் அடைந்து, மனிதர் தம் நாற்காலிகளோடும் சுவர்களோடும் முழுநாளும் வாழ்ந்த ஆண்டு அது. அப்போது நாம் எதற்கு ஏங்கினோம்? சுவரின் நிறம் பழசாயிற்றே என்றா? கதவைத் தட்டி ஒருவர் உள்ளே வரமாட்டாரா என்றல்லவா ஏங்கினோம்!

என்னுடைய தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஓய்வுபெற்ற பின், “ஒருநாள் உன் வீட்டுக்கு வருகிறேன்” என்று இரண்டு மூன்று முறை சொன்னார். எங்கள் கூடத்து நாற்காலிகளின் பிரம்பு அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவற்றை மாற்றிவிட்டு அழைக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். பெருநாள் கழியட்டும் என்றேன்; ஊதியம் உயரட்டும் என்றேன். நாற்காலிகள் வந்து சேர்ந்தன. ஆசிரியர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். திண்ணைப் பள்ளியின் தரையில் அமர்ந்து படித்தவர் அவர். அறுந்த பிரம்பை அவர் கண்டிருக்கவே மாட்டார். என் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது. அந்தக் கண்ணும் என் கண்ணாக இருக்கவில்லை.

கண்காட்சிகள் நடக்கட்டும், தச்சரும் நெசவாளரும் கலைஞரும் பிழைக்கட்டும். நல்லதைக் கண்டால் வியப்போம். தேவையிருந்தால், இயன்றால் வாங்குவோம். ஆனால் ‘போதும்’ என்ற சொல்லையும் ‘பழசு’ என்ற சொல்லையும் நம் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வோம். அவற்றைச் சந்தைக்கு விற்றுவிட வேண்டாம். ஒரு பொருளை மாற்ற நினைக்கும்போது, இதை மாற்றினால் வீடு எப்படித் தோன்றும் என்று கேட்பதற்கு முன், இது மாறும்வரை யாரை அழைக்காமல் இருக்கிறேன் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அந்தப் பெயர் நினைவுக்கு வந்தால், முதலில் அவரை அழைப்போம். நாற்காலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.