வேகம் யாருடையது?

ஜூஜுவாடியோடு தமிழ்நாடு முடிகிறது. அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, கர்நாடகம். நடுவில் ஆறு கிடையாது, மலை கிடையாது. அதே மண், அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலை, அதே லாரிப் புகை. ஆனால் இங்கே மனிதர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஒரு கோடு வந்துவிடும். "அவன் பெங்களூரு போயிட்டான், செட்டில் ஆயிட்டான். இவன் இங்கயே நின்னுட்டான்." போயிட்டான் என்பதில் பாராட்டு இருக்கிறது. நின்னுட்டான் என்பதில் இருப்பது தீர்ப்பு. ஓடுகிறவன் தன் திறமையால் ஓடுகிறான், நிற்கிறவன் தன் குறையால் நிற்கிறான் என்ற தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு சரிதானா என்று கேட்க எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. அண்டார்டிகாவில்.

அங்கே நிலத்தின் மேல் சராசரியாக 2 கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி கிடக்கிறது. அது அசையாமல் கிடப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் தன் எடையாலேயே அது கடலை நோக்கி நகர்கிறது. பெரும்பகுதி வருடத்துக்குச் சில மீட்டர். ஆனால் சில இடங்களில் மட்டும், பனிக்கு நடுவிலேயே, முப்பது, ஐம்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வருடத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுகிறது. பனியோடைகள் என்று இவற்றைச் சொல்லலாம். பரப்பில் இவை சிறுபகுதிதான். ஆனால் அந்தக் கண்டம் கடலுக்கு அனுப்பும் பனியில் மிகப் பெரும்பங்கு இவை வழியாகத்தான் போகிறது. இந்தியா 2012-இல் பாரதி நிலையத்தைத் திறந்த லார்ஸ்மன் குன்றுகளுக்கு மேற்கே அமெரி பனித்தட்டு இருக்கிறது. உலகின் மிகப் பெரிய பனியாறுகளில் ஒன்றான லாம்பர்ட் அதில்தான் வந்து சேர்கிறது.

லாம்பர்ட் ஒரு பெரும் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. மேற்கு அண்டார்டிகாவின் சைப்பிள் கரையோர ஓடைகளுக்கு அந்த மாதிரிப் பாறைக் கரைகூட இல்லை. வேகமான பனிக்குக் கரை, மெதுவான பனிதான். ஜூஜுவாடி எல்லை மாதிரி.

அப்படியென்றால் இந்தப் பட்டை மட்டும் ஏன் ஓடுகிறது? செங்குத்தான சரிவில் இருக்கும் என்று தோன்றும். அளந்து பார்த்தால் நேர் எதிர். அந்த ஓடைகளின் மேற்பரப்பு கிட்டத்தட்டத் தட்டை. அவற்றைத் தள்ளும் விசை, மெதுவாக நகரும் பல பகுதிகளில் இருப்பதைவிடக் குறைவு. ரகசியம் அடியில் இருக்கிறது. 1980களில் விலன்ஸ் ஓடைக்கு அடியில் நிலநடுக்க அலைகளை அனுப்பிப் பார்த்தவர்கள், பனிக்குக் கீழே சில மீட்டர் தடிமனில் நீர் ஊறிய சேற்றுப்படிவு இருப்பதைக் கண்டார்கள். பின்னர் பார்க்லி காம்பின் குழு சுமார் 1 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு அதை நேரடியாக எடுத்தும் பார்த்தது. அடியிலுள்ள நீரின் அழுத்தம் மொத்தப் பனியையும் ஏறக்குறைய மிதக்கவைக்கும் அளவுக்கு இருந்தது. பக்கத்தில் மெதுவாக இருக்கும் பனி, பல இடங்களில் அடித்தரையோடு உறைந்து ஒட்டியிருக்கிறது.

பனி ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். ஒன்றின் கீழே ஈரம், இன்னொன்றின் கீழே உறைவு.

1970களில் பின்தங்கிய பகுதியென்று சலுகை தந்து, நிலம் எடுத்து, சிப்காட் வந்தபோது ஓசூரின் அடித்தரை நனைந்தது. ஆனால் எல்லார் காலடியிலும் ஒரே மாதிரி நனையவில்லை. ஒரே லைனில், ஒரே வேலையை, பெர்மனென்ட் ஆள் ஒருவரும் கான்ட்ராக்ட் ஆள் ஒருவரும் செய்கிறார்கள். ஒருவர் வீட்டுக்கடன் வாங்குகிறார். இன்னொருவர் அடுத்த மாதம் கேட்டுக்குள்ளே விடுவார்களா என்று யோசிக்கிறார். உள்ளே ஒரு சித்தப்பா இருந்தாரா, படித்து முடிக்கிற வரை வீடு தாங்கியதா, எந்தச் சாதிக்காரருக்கு எங்கே ரூம் கிடைத்தது என்பதெல்லாம் அடியில் இருக்கும் ஈரம். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இங்கே ஒரு மறுப்பு வரும். பனிக்கு மனசு கிடையாது, மனுஷனுக்கு உண்டு. உழைத்து முன்னேறினவனின் பெருமையை ஏன் பிடுங்குகிறாய்? நியாயமான கேள்விதான். உழைப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. உழைப்பை நாம் அளக்கும் முறைதான் பொய். நாம் அளப்பது கடந்த தூரத்தை. ஈரத் தரையில் உழைப்பு தூரமாக மாறுகிறது. உறைந்த தரையில் அது உடம்பின் தேய்மானமாக மட்டும் மாறுகிறது. இருவரில் அதிகம் உழைத்தவர் யார் என்று தூரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

காம்ப் ஓடையின் கதையையும் கேளுங்கள். பனிக்குள் ரேடார் செலுத்திப் பார்த்தபோது அங்கே வேகத்தின் தழும்புகள் தெரிந்தன: புதைந்துபோன வெடிப்புகள். அவற்றின் மேல் படிந்த பனியைக் கணக்கிட்டதில், ஏறத்தாழ 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த ஓடை நின்றுபோனது தெரிந்தது. இன்று அதன் பெரும்பகுதி வருடத்துக்குச் சில மீட்டர்தான் நகர்கிறது. அடியிலிருந்த நீர் பக்கத்து ஓடைக்குத் திரும்பியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பனி சோம்பேறியாகிவிடவில்லை. கீழே ஏதோ மாறியது. நாற்பத்தைந்து வயதில் ஆலையிலிருந்து வெளியே வந்தவரிடம் "நீங்க ஸ்கில் வளத்துக்கல" என்று சொல்வதற்கு முன் இதை நினைக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. விலன்ஸ் ஓடையின் அடித்தரை வழுக்குவதால், அது தறிகெட்டு ஓடாமல் தடுப்பதில் பெரும்பங்கு இரு ஓரங்களுக்கு. அங்கேதான் பனி கிழிந்து வெடிப்பு வெடிப்பாகக் கிடக்கிறது. அந்த ஓடைக்குப் பனி வருவதும் உள்நாட்டின் மெதுவான பனியிலிருந்துதான். அதாவது நின்றவர்கள் ஓடுகிறவர்களுக்கு ஊட்டுகிறார்கள், பிடித்தும் வைக்கிறார்கள். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பஸ்கள் நின்றுபோய், மக்கள் மூட்டை முடிச்சோடு அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜுவாடிக்கு நடந்தே வந்தார்கள். எல்லை எங்கே கிழியும், அந்தக் கிழிசல் யார் மேல் விழும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஓடுகிறவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் தன் காலடி ஈரம் தன் வியர்வையால் மட்டும் வந்ததில்லை என்று தெரிந்த ஒருவருக்கு ஒரு கடமை உண்டு: பக்கத்தில் நிற்கிறவரின் தரை ஏன் உறைந்திருக்கிறது என்று கேட்பது. லைனில் பக்கத்தில் நிற்கும் கான்ட்ராக்ட் ஆளுக்கும் ஒரே சம்பளம் வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்வது, அதன் மிக எளிய வடிவம்.