ஒரு மனு போதும், ஒரு காடு நிமிரும்!

"நான் ஒருவன் என்ன செய்துவிட முடியும்?" காடு அழிகிறது, யானையின் வழித்தடம் அடைபடுகிறது என்று படிக்கும்போதெல்லாம் இப்படிப் பெருமூச்சு விடுகிறாயே தம்பி! தங்கையே, நீயும்தான்! அந்தப் பெருமூச்சை இன்றோடு நிறுத்து. ஒருவரால் என்ன முடியும் என்பதை நம் நீலகிரியின் கதையே சொல்லும்.

கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் டி.என். கோதவர்மன் திருமுல்பாட். நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்படுவதைக் கண்டு கொதித்தார். அப்போதே அறுபதைக் கடந்தவர். ஆனாலும் ஓய்ந்து உட்காரவில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். கூடலூருக்காகப் போட்ட மனு, இந்தியக் காடுகள் அனைத்துக்குமான வழக்காக விரிந்தது. 1996 டிசம்பர் 12-இல் தீர்ப்பு முழங்கியது: நிலம் யாருக்குச் சொந்தமானாலும் காடு காடுதான், மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அதில் வேறு வேலைக்கு இடமில்லை!

அதோடு முடிந்ததா? காட்டை எடுப்பவர் அதன் மதிப்பைக் கட்டியாக வேண்டும் என்றும் அதே வழக்கில் நீதிமன்றம் ஆணையிட்டது. 2008-இல் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை நிர்ணயித்தது. சரணாலயம் என்றால் 5 மடங்கு, தேசியப் பூங்கா என்றால் 10 மடங்கு! திரண்ட பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அதை முறைப்படுத்த 2016-இல் ஈட்டுக் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் வந்தது. 90 விழுக்காடு மாநிலங்களுக்கு என்றது அந்தச் சட்டம். 2019-இல் மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்த தொகை 47,000 கோடி ரூபாய்க்கும் மேல். இத்தனைக்கும் விதை ஒரு முதியவரின் மனு!

நட்ட கன்று, நூற்றாண்டுக் காட்டுக்கு ஒருபோதும் ஈடாகாது. ஆகவே முதலில் காட்டை விட்டுக்கொடுக்காமல் வாதாடு. இழக்க நேர்ந்தால், வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேள்.

பணம் சரியான கைக்குப் போனால் என்ன நடக்கும்? பெரியாறு புலிகள் காப்பகம் இருக்கும் தேக்கடிக்குப் போய்ப் பார். காட்டில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்கள் அங்கே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். வெளிநாட்டு நிதியில் அவர்களை அப்படி மாற்றிய திட்டம் முடிந்ததும் அந்தப் பணி நின்றுவிடாதிருக்க, 2004-இல் பெரியாறு அறக்கட்டளை பிறந்தது. சுற்றுலா வருமானத்தின் ஒரு பங்கு அந்தக் காட்டுக்கும் அதை நம்பி வாழும் மக்களுக்குமே திரும்பியது. 2006-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இப்படியோர் அறக்கட்டளை வேண்டும் என்று விதியானது. ஆனைமலை, முதுமலை, களக்காடு முண்டந்துறை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்று நம் 5 காப்பகங்களும் அதற்குள் அடக்கம்.

வனக்காவலர் சீருடை போட்டால்தான் காட்டைக் காக்க முடியும் என்று யார் சொன்னது? சட்டம் படிக்கிறாயா? பொதுநல மனு எழுதப் பழகு. வணிகவியல் படிக்கிறாயா? அறக்கட்டளைகளின் வரவு செலவைப் புரட்டு. பெரிய நிறுவனத்தில் வேலையா? 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, தகுதிக்குள் வரும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். விலங்குகளையும் தாவரங்களையும் காப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உன் நிறுவனத்தின் பங்கு காட்டுக்கும் போகட்டும் என்று எழுந்து நின்று கேள்! கிராமத்தில் இருக்கிறாயா? பல்லுயிர்ச் சட்டம் உன் ஊராட்சிக்கு ஒரு மேலாண்மைக் குழுவையும், உள்ளூர் நிதிக்கான வழியையும் தந்திருக்கிறது. அந்தக் குழு எங்கே, அந்த நிதி எங்கே என்று கிராம சபையில் கேள்வி எழுப்பு! பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் உன் கையில் இருக்கிறது.

யானைக்கு வக்காலத்துப் போடத் தெரியாது. புலிக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் கற்றுக்கொள்ள முடியும். தகுதி வரட்டும் என்று காத்திருக்காதே. இறங்கு, தகுதி தானாக வரும். ஒருவன்தானே என்று உன்னை நீயே குறைத்து மதிப்பிடாதே. பேனாவை எடு, இன்றே முதல் மனுவை எழுது!